சிலுவையிலேயே பாவமன்னிப்பு முடிந்துவிட்டதென்றால் திருவிருந்தில் அது மீண்டும் எதற்கு?

ஆராதனையின் தொடக்கத்திலேயே ஆயர் பாவமன்னிப்பைக் கூறிவிடுகிறாரே என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் வாழும் லுத்தரன் சபையினன் என்ற முறையில், நான் நம்புவதை எழுதுகிறேன். இங்குள்ள பழைய சபைகள் பல, லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கத்தின் வழியாகத் தோன்றி 1947-இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தவை. அங்குள்ள நண்பர்கள் சிலர், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தை நினைவுகூருதல் என்கிறார்கள். ஏற்காட்டில் இருக்கும் கத்தோலிக்க உறவினர்கள் அதைப் பலி என்கிறார்கள்.

எங்கள் சபை மரபைத் தொடங்கிய ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 1525-இல் எழுதிய விடை தெளிவானது. பாவமன்னிப்பு சம்பாதிக்கப்பட்டது சிலுவையில், ஒரே முறை. ஆனால் அது பகிர்ந்தளிக்கப்படுவது சுவிசேஷத்திலும் திருவிருந்திலும்தான். ஆகவே பலி மறுபடி செலுத்தப்படுவதில்லை. செலுத்தி முடிந்த பலியின் பயன் நம்மிடம் வந்து சேருகிறது. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்ளியோடு வாதிட்டபோது, "இது என் சரீரம்" என்ற இயேசுவின் வார்த்தையை விட்டு லூத்தர் இம்மியும் விலகாததற்குக் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். அப்பம் அப்பமாகவே இருக்க, அதனுள்ளும் அதனோடும் அதன்கீழும் கிறிஸ்துவின் மெய்யான சரீரம் தரப்படுகிறது. அது அங்கே இல்லையென்றால், எஞ்சுவது என் நினைவு மட்டுமே, அதுவோ மனம் கலங்கிய நாளில் எனக்குத் துணைநிற்பதில்லை.

எங்கள் பெரியம்மா ஒருவர், உடன்பிறந்தவரோடு ஏற்பட்ட காப்பித் தோட்டத் தகராறுக்குப் பின், தகுதியின்றித் திருவிருந்தில் பங்குபெறுவதைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் எச்சரித்ததை எண்ணி, "அபாத்திரமாய் வாங்கக் கூடாது" என்று அஞ்சிப் பல ஆண்டுகள் பந்தியில் சேராமலே இருந்தார். அந்த அச்சம் நம் சபைகளில் மிகப் பரவலானது. அதைத் தேற்றாமல் விட்டுவிடுவது மேய்ப்புப்பணியின் பெருங்குறை என்றே கருதுகிறேன். 1529-இல் வெளிவந்த லூத்தரின் விசுவாசப் போதனை நூலான சிறிய ஞானோபதேசம் இதற்கு நேராகவே விடை கூறுகிறது: உபவாசமும் வெளி ஆயத்தமும் நல்ல ஒழுங்குதான், ஆனால் திருவிருந்தில் சொல்லப்படும் "உங்களுக்காக" என்ற வார்த்தையை விசுவாசிப்பவரே தகுதியுள்ளவர். பெரிய ஞானோபதேசமோ திருவிருந்தை மருந்து என்கிறது. நோயை உணர்ந்தவருக்குத்தானே மருந்து வேண்டும்? மனந்திரும்ப மறுத்து, பகையை விடமாட்டேன் என்று நிற்பவரின் நிலை வேறு. அவருக்குப் பவுலின் எச்சரிக்கை முழுமையாகப் பொருந்தும். பெரியம்மாவோ ஒப்புரவாக ஏங்கியவர். அவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆயர் தொடக்கத்தில் கூறும் மன்னிப்பு குறைவுள்ளதன்று. தம் விசுவாசத்தைத் தொகுத்துரைத்த 1537-ஆம் ஆண்டின் ஸ்மால்கால்டு கோட்பாடுகளில் லூத்தர், கடவுள் தம் கிருபையில் ஐசுவரியமுள்ளவராதலால் ஒரே வழியில் மட்டும் உதவுவதில்லை என்று சொல்லி, பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, மன்னிப்பை அறிவிக்கும் அதிகாரம், சகோதரர் ஒருவரையொருவர் தேற்றுதல் ஆகியவற்றை அடுக்குகிறார். எல்லாவற்றிலும் கிடைப்பது அதே மன்னிப்பு. தொடக்கத்தில் சபை முழுவதற்கும் கூறப்பட்டதை, "என்னைத் தவிர மற்றவர்களுக்கு" என்று ஒருவர் மனத்துக்குள் ஒதுக்கிவிட முடியும்; பந்தியில் முழங்காற்படியிட்டிருக்கையில் அது அவர் ஒருவருக்கென்றே கொடுக்கப்படுகிறது.