இரண்டு உதவித்தொகையும் வாங்கலாம், தங்கையே

கோத்தகிரி அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்கள். ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது. யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள், விடுங்கள். ஆதிதிராவிடர் உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பியுங்கள்.

எனக்கு உறுத்துவது, அப்பாவின் வங்கிக் கணக்கைக் கொடுக்கலாம் என்று நீங்கள் எழுதிய வரிதான். கூடாது. உங்கள் பெயரிலேயே கணக்கு வேண்டும். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அரசுப் பணம் அந்தக் கணக்குக்கே வரும்படி ஆதாரை இணைத்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பணம் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

ஆதிதிராவிடர் உதவித்தொகைக்குத் தேவையான, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்பதற்கான சான்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். அம்மாவின் தேயிலைத் தோட்டச் சம்பளச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.