கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீரா, காற்றா: கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவது, குளிர்விப்பது, திரும்பப் பூட்டுவது என்று பல வருடங்களை இதிலேயே கழித்திருக்கிறேன். சூடு, சத்தம், ஃபேன், தண்ணீர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். எந்தக் கார்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம். ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை: செம்பு வாட்டர் பிளாக்கையும் (சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பது) அலுமினிய ரேடியேட்டரையும் (அந்தத் தண்ணீரை ஆற்றுவது) ஒரே லூப்பில், அதாவது பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும் ஒரே குழாய்ச் சுற்றில், சேர்க்காதீர்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்வேன்.

கருவண்டு: அண்ணா, என்னிடம் ஆர்டிஎக்ஸ் 4090 இருக்கிறது. கேம் ஆடும்போது 68 டிகிரி காட்டுகிறது. தண்ணீருக்கு மாறினால் எவ்வளவு ஃப்ரேம் கூடும்?

ஃப்ரேம், அதாவது விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது தம்பி. சூடு ஏற ஏற கார்டு தன் வேகத்தைச் சின்னச் சின்னப் படிகளாகக் குறைக்கும், ஒரு படி ஏறக்குறைய 15 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் 20 டிகிரி குறைத்தால் இரண்டு மூன்று படிகள் திரும்பக் கிடைக்கலாம். 2,700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டுக்கு அது இரண்டு சதவீதம்கூட வராது. 68 டிகிரி மிக நல்ல நிலை. உங்கள் கார்டு சத்தம் போடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. போடவில்லை என்றால் எதையும் தொடாதீர்கள்.

மேகலை: ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் காற்று. உண்மையில் அடிப்படை வித்தியாசம் என்ன?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது, இரண்டிலும் கடைசியில் வெப்பத்தை வாங்கிக்கொள்வது காற்றுதான்.

ஏர் கூலர் என்று நாம் சொல்வதில் செம்பு ஹீட் பைப்புகளோ வேப்பர் சேம்பர் என்ற தட்டையான பெட்டியோ இருக்கும். அதற்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதிக்கும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடிப் படிந்து மறுபடி நீராகி, உள்சுவரில் இருக்கும் திரி போன்ற பரப்பின் வழியாகச் சிப்புக்குத் திரும்பும். பம்ப் இல்லாத வாட்டர் கூலிங் என்றே சொல்லலாம். 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ஏஎம்டி நிறுவனமே வடிவமைத்த அந்தக் கார்டுகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளி, 110 டிகிரியைத் தொட்டது. வேப்பர் சேம்பருக்குள் போதுமான தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று ஏஎம்டி பிறகு ஒப்புக்கொண்டது.

அப்படியானால் லூப் எதற்கு? வெப்பத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதற்காக. ஹீட் பைப் வெப்பத்தைக் கார்டின் நீளத்துக்குள்தான் கடத்தும். வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகளுக்கு அங்கே இருக்கும் இடம் அவ்வளவுதான், அவை ஊதும் சூடான காற்றும் கேஸுக்குள்ளேயே விழுகிறது. குழாயில் ஓடும் தண்ணீர் அதை அரை மீட்டர் தள்ளி, கேஸின் கூரைக்கோ முகப்புக்கோ கொண்டுபோகும். அங்கே மூன்று பெரிய ஃபேன்கள் நிதானமாகச் சுழலும் அளவுக்குப் பரப்பு கிடைக்கிறது.

தண்ணீரின் இன்னொரு குணம் நிதானம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,180 ஜூல் தேவை. ரேடியேட்டரே இல்லாமல் 400 வாட் கார்டு அதைச் சூடாக்கினாலும் ஒரு டிகிரி ஏறப் பத்து விநாடி ஆகும். அதனால்தான் கேமில் லோடிங் திரை வந்து போகும்போதெல்லாம் ஃபேன் ஏறி இறங்கிக் காதை அறுப்பது லூப்பில் இல்லை. ஆனால் ஃபேன் வேகத்தைக் கூலன்ட்டின், அதாவது லூப்பில் ஓடும் திரவத்தின், வெப்பநிலையோடு இணைக்க வேண்டும். சிப்பின் வெப்பநிலையோடு இணைத்தால் இந்த நன்மை முழுக்க வீண்.

சாம்பல் பூனை: 850 வாட் பவர் சப்ளை போதுமா?

பவர் சப்ளை தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

நீலவண்ணன்: என் கார்டின் பொது வெப்பநிலை 72, ஹாட்ஸ்பாட் 101. தண்ணீருக்கு மாறினால் சரியாகுமா?

29 டிகிரி வித்தியாசம் அதிகம். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் சிப்பின் ஒரு மூலையில் இல்லை என்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சிப் லேசாக வளைந்து நிமிரும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். பேஸ்ட்டை மாற்றினாலே சரியாகிவிடும். என்னைக் கேட்டால், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும் பிடிஎம்7950 போன்ற தாளை வையுங்கள். அது அவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளப்படாது. தொடர்பு சரியில்லாத சிப்பின் மேல் எந்தக் கூலரை வைத்தாலும் இதே கதைதான்.

இரவுப்பறவை: பம்பை முழு வேகத்தில் ஓட்டலாமா, மெதுவாக ஓட்டலாமா? மெதுவாக ஓட்டினால்தான் வெப்பத்தை உறிஞ்சத் தண்ணீருக்கு நேரம் கிடைக்கும் என்று என் நண்பர் சொல்கிறார்.

நண்பர் சொல்வது தவறு. வேகமாக ஓடினால் சிப் கொஞ்சம் குளிரும், எப்போதும் சூடாகாது. ஒரு அளவுக்கு மேல் பலன் குறைவு, பம்ப் சத்தம்தான் மிச்சம். சத்தம் கேட்காத உச்ச வேகம் எதுவோ அதில் வையுங்கள்.

கல்தச்சன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் ரேடியேட்டருக்குள் நிற்கும் நேரம் குறைந்தால் எப்படி ஆறும்? சூடாகவேதானே திரும்பி வரும்?

ஐயா, நீங்கள் ஒரே ஒரு துளியைப் பின்தொடர்கிறீர்கள், அங்கேதான் வழி தவறுகிறது. வேகத்தை மூன்று மடங்காக்கினால் அந்தத் துளி ரேடியேட்டரில் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகும், சரி. ஆனால் அதே நேரத்தில் அது மூன்று தடவை ரேடியேட்டருக்குள் வந்துபோகும். ஒரு மணி நேரத்தில் ரேடியேட்டருக்குள் அது கழிக்கும் மொத்த நேரம் மாறவே இல்லை.

கணக்காகவும் பார்க்கலாம். கார்டு 420 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் பிளாக்கைத் தாண்டும்போது தண்ணீர் 6 டிகிரி ஏறும். 3 லிட்டர் ஓடினால் 2 டிகிரிதான் ஏறும். இரண்டிலும் வெளியேறும் வெப்பம் அதே 420 வாட். ஆனால் முதல் நிலையில் பிளாக்கின் கடைசித் தகடுகள் 6 டிகிரி சூடேறிய தண்ணீரைத்தான் பார்க்கின்றன.

கல்தச்சன்: கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் கார் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடும், எஞ்சின் சூடேறும். நானே பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன பதில்?

நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கும். காரணம்தான் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், கூடவே ரேடியேட்டரைச் சுற்றிப்போகும் குறுக்குவழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். வேகத்தால் வந்த சூடு இல்லை அது. நம் லூப்பில் குறுக்குவழி கிடையாது.

உங்களிடம் லூப் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இன்றே பாருங்கள். ஃபேன்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, பம்பை மட்டும் முதலில் குறைந்த வேகத்திலும் அப்புறம் முழு வேகத்திலும் ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள், தண்ணீர் நிலைக்கு வர அவ்வளவு ஆகும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

இரவுப்பறவை: அப்படியானால் லூப்பில் தண்ணீர் முதலில் போக வேண்டியது சிபியுவுக்கா, ஜிபியுவுக்கா (கிராபிக்ஸ் சிப்புக்கா)?

அதே கணக்குதான். தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடும் லூப்பில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராது. குழாய் எந்த வழியில் மடங்காமல் போகுமோ அந்த வரிசையில் வையுங்கள். பம்புக்கு முன்னால் மட்டும் தொட்டி இருக்க வேண்டும்.

பனித்துளி: என் கார்டு 74 டிகிரி. தண்ணீருக்கு மாறினால் ஃப்ரேம் கூடுமா?

கருவண்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆறுமுகில்: ஆர்டிஎக்ஸ் 3090-க்குத் தெர்மல் பேட் மாற்றினேன். மெமரி குளிர்ந்தது, ஆனால் சிப் முன்பைவிடச் சூடு. ஏன்?

பேட் தடிமன்! பேட் என்பது மெமரி போன்ற சிப்புகளுக்கும் மேலே இருக்கும் ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தை வாங்கும் உலோகப் பகுதி) நடுவே வைக்கும் மெத்தென்ற துண்டு. அலுமினியத்துக்கு அடுத்து நான் அதிகம் கத்துவது இதற்குத்தான். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். 1 மி.மீ. வேண்டிய இடத்தில் 1.5 மி.மீ. வைத்தேன். பேட் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது, சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. எல்லாத் திருகையும் முடுக்கியும் சரியாகவில்லை. அதிகம் முடுக்கியிருந்தால் போர்டு வளைந்து இன்னும் பெரிய நஷ்டமாகியிருக்கும்.

ஒரே கார்டில் மெமரிக்கு ஒரு தடிமன், மின்சாரப் பகுதிக்கு வேறு தடிமன் இருக்கும். உங்கள் கார்டின் துல்லியமான மாடலுக்கு உரிய அளவைத் தேடி எடுங்கள். 'எல்லா 3090-க்கும் இதே அளவு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு கிடைக்கவில்லை என்றால் தெர்மல் புட்டி வாங்குங்கள். மாவு மாதிரி இருக்கும், இருக்கிற இடைவெளிக்கு ஏற்ப நசுங்கிக்கொள்ளும்.

உங்கள் கார்டின் 24 மெமரி சிப்புகளில் 12 போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் குளிர்விக்கும் வாட்டர் பிளாக் அவற்றைத் தொடாது. பின்தகட்டுக்கும் அந்தச் சிப்புகளுக்கும் நடுவே நல்ல பேட் வையுங்கள், முடிந்தால் பின்தகட்டின் மேல் ஒரு ஃபேன் காற்று படட்டும்.

தேன்சிட்டு: கார்டிலிருந்து கீச் கீச் என்று சத்தம். வாட்டர் பிளாக் போட்டால் நிற்குமா?

நிற்காது. அது ஃபேன் சத்தம் இல்லை, மின்சாரப் பகுதியில் இருக்கும் காயில்கள் அதிர்வது. ஃபேன்கள் அமைதியான பிறகு இன்னும் தெளிவாகக் கேட்கும், அதற்குத் தயாராக இருங்கள். மானிட்டரின் வேகத்துக்கு ஃப்ரேமைக் கட்டுப்படுத்திப் பாருங்கள், பெரும்பாலும் குறையும்.

வெண்கதிர்: வாட்டர் கூலிங் போட்டால் என் அறை குளிருமா?

குளிராது. கார்டு 450 வாட் எடுத்தால் 450 வாட்டும் அறைக்குள்தான் வரும். அறை குளிர வேண்டுமானால் கார்டு எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். பவர் லிமிட்டை 75 அல்லது 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். 4090 மாதிரிப் பெரிய கார்டுகள் கேமில் இழப்பது சில சதவீதம்தான். வாட்டர் கூலிங்குக்குப் பணம் ஒதுக்கும் முன் எல்லோரும் இதை ஒரு வாரம் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செலவே இல்லாமல் சூடும் சத்தமும் குறையும்.

மரகதம்: பால் நிறத்தில் கூலன்ட் அழகாக இருக்கிறது. ஊற்றலாமா?

அந்த நிறம் தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களால் வருவது. பிளாக்கின் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மயிரிழைதான். துகள்கள் அங்கே படிந்து அடைக்கும். கண்காட்சிக்கு ஒரு மாதம் வைக்கலாம், தினமும் ஓடும் கணினிக்கு வேண்டாம். துருத்தடுப்பும் பாசித்தடுப்பும் கலந்த நிறமற்ற கூலன்ட் போதும். ரேடியேட்டர் செம்பா பித்தளையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரின் வழியாக அலுமினியமும் செம்பும் சேர்ந்தால் ஒரு பேட்டரி மாதிரிதான், அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

கொடிமுல்லை: ஃப்ரேம் எவ்வளவு கூடும் என்று யாரும் கேட்கவில்லையே?

மூன்றாவது தடவை. கூடாது.

காட்டுப்பூ: தயாராக மூடி வரும் வாட்டர் கூலர் எத்தனை வருடம் வரும்? ரேடியேட்டரை எங்கே வைக்க வேண்டும்?

ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் மிக மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஐந்தாறு வருடத்தில் உள்ளே காற்று சேர்ந்திருக்கும். காற்று மேலே போகும் என்பதை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். லூப்பின் உச்சி ரேடியேட்டரில் இருக்கட்டும், பம்பில் இருக்கக் கூடாது. பம்புக்குள் காற்று நின்றால் முதலில் சலசலக்கும், அப்புறம் பம்பே போய்விடும். கேஸின் கூரை நல்ல இடம். 2015-ல் வந்த ஆர்9 ஃபியூரி எக்ஸ் 275 வாட் கார்டு, தொழிற்சாலையிலிருந்தே ஒரு 120 மி.மீ. ரேடியேட்டரோடு வந்தது. 450 வாட் கார்டுக்கு நான் 360 மி.மீ.-க்குக் கீழே போகமாட்டேன். 240 தாங்கும், ஆனால் அமைதிக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்?

கல்தச்சன்: சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். பம்ப் குறைந்த வேகத்தில் சிப் 57 டிகிரி, முழு வேகத்தில் 53. பாதி வேகத்திலும் வைத்துப் பார்த்தேன், 54. நான் நினைத்திருந்தது தவறு.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்ததற்கு நன்றி ஐயா. பாதிக்கும் முழுசுக்கும் ஒரே ஒரு டிகிரி. இரவுப்பறவை, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பாதியில் வையுங்கள்.

அந்திவானம்: அண்ணா, முதல் தடவை லூப் கட்டுகிறேன். ஒழுகினால் கார்டு போய்விடுமே என்று கை நடுங்குகிறது.

நியாயமான பயம்தான், அதை வைத்தே கவனமாகச் செய்யலாம். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் மின்சாரம் போகக் கூடாது. பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓடவைக்கும் சிறு இணைப்பு) செருகி, பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளைக் காகிதத் துண்டு வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள், பம்ப் ஒரு விநாடிகூட உலர்ந்து ஓடக் கூடாது. கேஸை முன்னும் பின்னும் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பிறகு 24 மணி நேரம் அப்படியே ஓடட்டும். காகிதம் உலர்ந்தே இருந்தால் மற்ற வயர்களைச் செருகுங்கள். ஈரம் தெரிந்தால் துடைத்து, அந்த இணைப்பைக் கழற்றி ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 24 மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

அப்புறம், ரேடியேட்டர் செம்புதானே?