குளிர்காலமும் வாசலில் நிற்கும் கேம்பர்வேனும்: வாசகர் கேள்வி – பதில்

பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் சிலர் இம்முறை ஏறத்தாழ ஒரே கவலையை எழுதியிருக்கிறார்கள்: உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர்வேன் வாசலில் சும்மா நிற்கும் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது? அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நானும் என் கணவரும் சென்ற ஆண்டு சித்திரையில் பழைய கேம்பர்வேன் ஒன்றை வாங்கினோம். மே முதல் செப்டம்பர் வரை வார இறுதிகளில் பாதியை அதிலேயே கழித்தோம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னே தள்ளியதிலிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புகிறேன். தார்ப்பாய் போர்த்திய வண்டி சமையலறை யன்னல் வழியே தெரியும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். இங்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகியும் இந்தக் குளிர்காலம் எனக்குப் பழகவில்லை. மார்ச் வரை எப்படித் தள்ளுவது?
— வாசகி, அபர்தீன்

பதில்: அன்புள்ள சகோதரி, இத்தனை ஆண்டுகளாகியும் பழகவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான வேறுபாடுதான் உண்டு. அபர்தீனிலோ அந்த வேறுபாடு பதினொரு மணி நேரம். ஜூனில் ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் வெளிச்சம் தந்த அதே ஊரில், டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் காலை எட்டே முக்கால் அளவில்தான் கதிரவன் எழுகிறான். மாலை மூன்றரைக்குள் மறைந்துவிடுகிறான். இந்த மாற்றத்தை உடம்பு உணராமல் இருந்தால்தான் வியப்பு. பருவகால மனச்சோர்வு என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் நிலையை 1984இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து விவரித்து எழுதிய நார்மன் ரோசென்தால், தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்த அவர், நியூயார்க்கின் குளிர்காலங்களில் தம்மிடமே கண்ட தளர்ச்சியிலிருந்துதான் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வண்டியில் சென்ற அந்த வார இறுதிகளில் நீங்கள் ஊர்களை மட்டும் பார்க்கவில்லை. காலையில் கதவைத் தள்ளித் திறந்தது முதல் இரவு திரையை இழுத்து மூடும் வரை, நாளில் பெரும்பகுதியை வெளிச்சத்தில் கழித்தீர்கள். இப்போது நீங்கள் ஏங்குவதில் பாதி அந்த வெளிச்சத்துக்கான ஏக்கம் என்றே நான் நம்புகிறேன். அப்படியானால், வண்டியை மார்ச் வரை போர்த்திவைப்பது, கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்துக்கும் நீங்களே போட்டுக்கொள்ளும் பூட்டாகிவிடுகிறது. விளக்கெல்லாம் எரியும் வீட்டறையில்கூட ஒளியின் அளவு பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. மேகம் மூடிய குளிர்கால நடுப்பகலில் வெளியே அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஆகவே, வரும் விடுமுறை நாளில் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காலை பதினொரு மணிக்குக் கிளம்புங்கள். வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் நியூபர்க். அங்கே ஐத்தன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குளிர்காலத்திலும் கடல்நாய்கள் கூட்டமாகக் கரையேறிக் கிடக்கும். அவற்றைத் தொந்தரவு செய்யாமல் தொலைவில் நின்று பார்த்து, மணல்மேடுகளில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, வண்டிக்குள் வந்து தேநீர் போடுங்கள். மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடலாம். இதைப் பயணம் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் சென்ற ஜனவரியில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில், வடக்குக் கடற்கரையோரம் நான் வண்டியை நிறுத்தியிருந்த ஒரு நண்பகல் இன்னும் என் நினைவில் நிற்கிறது. கெண்டியில் நீர் கொதித்துச் சன்னல் முழுவதும் ஆவி படர்ந்திருந்தது. கையுறையால் ஓர் உள்ளங்கை அளவு துடைத்தேன்; அதற்குள் சாம்பல் நிறக் கடலும், மேகம் விலகிய இடத்தில் ஒரு பட்டையாக விழுந்த வெயிலும் தெரிந்தன. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் ஆறுவதற்குள் அந்த வெயில் போய்விட்டது. அந்தக் கால் மணி நேரத்தைக்கொண்டு அந்த வாரம் முழுவதையும் என்னால் ஓட்ட முடிந்தது.

நார்வேயில் ரியூகன் என்று ஒரு மலைப்பள்ளத்தாக்கு ஊர் இருக்கிறது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் அங்கே நேர்வெயில் விழாது. மக்கள் மேலே சென்று வெயில் காய்ந்து வரட்டும் என்று அந்த ஊரின் தொழில் நிறுவனம் 1928இல் கம்பிவட ஊர்தி ஒன்றை அமைத்தது. 2013இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்துக்கே வெயிலைத் திருப்பிவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் போவது அங்கே ஒரு ஊரே சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. உங்களுக்கு அந்த ஊர்தி வாசலிலேயே நிற்கிறது.

வேலைநாட்களுக்கு 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்குப்பெட்டி ஒன்றின் முன் காலையில் அரை மணி நேரம் அமர்வது பலருக்கு உதவுகிறது. கண்நோய் உள்ளவர்களும், மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்நாட்டு அரசின் பரிந்துரை; நம்மைப் போன்ற தெற்காசியத் தோல்நிறம் கொண்டவர்கள் ஆண்டு முழுவதுமே அதை எடுத்துக்கொள்வது பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இவற்றுக்குப் பிறகும் எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உறக்கமும் பசியும் குலைந்தாலோ, தயங்காமல் உங்கள் குடும்ப மருத்துவரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதையே சொல்லுங்கள். எனக்கு எழுதிய அளவுக்கு வெளிப்படையாக அவரிடமும் பேச வேண்டும் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று: மாலை நேரம் நீளத் தொடங்குவது டிசம்பர் 21க்குப் பிறகு அல்ல; கதிரவன் மறையும் நேரம் டிசம்பர் நடுப்பகுதியிலேயே மெல்லத் திரும்பிவிடுகிறது. விடியல்தான் மாதக் கடைசி வரை பின்தங்குகிறது. மார்ச் மாதத்தில் உங்கள் ஊரில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளும்.

கேள்வி: அக்டோபரில் பூட்டிய வண்டியை இன்னும் திறக்கவில்லை. சாலை வரியையும் நிறுத்திவிட்டு ஈஸ்டர் வரை அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: விட வேண்டாம் ஐயா. இன்றே திறந்து, முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் கேம்பர்வேனைக் கெடுப்பது பனியைவிட, உள்ளே மறந்துவிட்ட தண்ணீர்தான். தொட்டி, குழாய்கள், நீர் சூடாக்கி, பம்பு ஆகிய அனைத்தையும் வடித்துவிட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்தபடியே விடுங்கள். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் ஒரே பிடியுள்ள குழாயானால், பிடியை நடுவில் நிறுத்தித் திறந்துவையுங்கள். இல்லையெனில் ஒரு பக்கத்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். வண்டி வாங்கிய முதல் ஆண்டில் நான் தொட்டியை வடித்தேன், பம்பை மறந்துவிட்டேன். பம்பின் வாயில் பொருத்தியிருக்கும் உள்ளங்கையில் அடங்கும் வடிகட்டிக் கிண்ணத்தில் நான்கைந்து கரண்டி நீர் தங்கி, உறைந்து, அதைப் பிளந்துவிட்டது. மார்ச்சில் தொட்டியை நிரப்பிய பிறகு, இருக்கையின் அடியிலிருந்த பலகை ஊறிக் கருத்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தின் விலை சிறிது. பலகையை மாற்றியதுதான் பெருஞ்செலவு.

அடுத்தது பேட்டரி. உள்விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தரும் வழக்கமான ஈய-அமில பேட்டரி, முழுதாக ஏறிய நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். அது 12.4க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஈய-அமில பேட்டரி காலியாகக் காலியாக எளிதில் உறையும், அதன் ஆயுளும் குறையும். உங்களுடையது லித்தியம் வகையானால், சுழியம் டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகச் செல்வதால் கூரைமேல் உள்ள சூரியத் தகட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. மெத்தைகளைச் சுவரோடு ஒட்டாமல் நிமிர்த்திவையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள், காற்றுப் புழையை அடைக்காதீர்கள். சாதாரணத் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். போர்த்தியே ஆக வேண்டுமென்றால் காற்று புகும் துணியுறை வாங்குங்கள்.

வரியைப் பற்றி: வண்டி சாலையில் ஓடாது என்று அரசுக்கு அறிவித்தால் மீதமுள்ள முழு மாதங்களுக்கான வரி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு பொதுச் சாலையில் அதை நிறுத்திவைக்கக்கூட உங்களுக்கு உரிமையில்லை. மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டினால் எஞ்சினுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது. அதோடு, பிப்ரவரியில் திடீரென்று வெயிலடிக்கும் ஒரு சனிக்கிழமை ரட்லண்ட் ஏரிக்கரை வரை போய்வர முடியும். திரும்பக் கிடைக்கும் வரிப்பணத்தைவிட அந்தச் சனிக்கிழமை பெரிது என்பது என் கருத்து.

கேள்வி: என் கணவர் இரவெல்லாம் பிறர் கேம்பர்வேனில் ஊர்சுற்றும் காணொளிகளையே பார்க்கிறார். முடிந்ததும் முன்னைவிட வாடிப்போகிறார். தடுக்கலாமா?
— வாசகி, குரோய்டன்

பதில்: தடுக்க வேண்டாம், ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, ஒரே ஒரு பயணத்தை நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள். நாள் குறிக்காத ஆசைதான் ஆளை வாட்டும். எடுத்துக்காட்டாக, இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் நார்த் கோஸ்ட் 500 என்னும் ஸ்காட்லாந்துக் கடலோரச் சுற்றுப்பாதையை எடுத்துக்கொள்ளட்டும். இது 2015இல் அறிமுகமானது. நீளம் சுமார் 516 மைல். அதை முடிவு செய்ய முற்பட்டாலே எத்தனை கேள்விகள் எழுகின்றன என்று பாருங்கள்: மிட்ஜ் என்னும் கடிக்கும் பொடிப்பூச்சி ஜூனில் பெருகுவதற்கு முன், மே மாதத்திலேயே போவதா? 626 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைத்தட வழியாக ஏறும் பெலக் நா பா கணவாயை உங்கள் வண்டி தாங்குமா, அல்லது சுற்றுவழியா? இரவுகளில் எங்கே தங்குவது? ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் நிலச்சட்டம் தந்த உரிமை நடந்துபோய்க் கூடாரம் அடிப்பவர்களுக்கானது. மோட்டார் வண்டிகளுக்கு அது பொருந்தாது. வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களில் பல ஈஸ்டரையொட்டித்தான் திறக்கும் என்றாலும், நல்ல இடங்களைக் குளிர்காலத்திலேயே பலர் பதிவு செய்துவிடுகிறார்கள். ஜனவரி இரவுகளுக்கு இந்த வேலை போதும்.

கேள்வி: உறைபனி இரவில் வண்டியிலேயே உறங்கலாமா?
— வாசகர், கார்டிஃப்

பதில்: ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் முகாம் ஒன்றில், மின்இணைப்போடு, உறங்கலாம். கேஸைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீல நிற சிலிண்டரில் வரும் பியூட்டேன், சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். சிவப்பு சிலிண்டரில் வரும் புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதால் குளிர்காலத்துக்கு அதுவே உகந்தது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். கரியடுப்பை, அணைந்துவிட்டது என்று நினைத்தாலும், உள்ளே கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி, கிளம்பும் முன் அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம் ஐயா.

கேள்வி: எங்கள் ஏழு வயது மகள் "வேன் எப்போது எழுந்திருக்கும்?" என்று தினமும் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
— வாசகி, பர்மிங்காம்

பதில்: ஒரு நாளைச் சொல்லுங்கள்: மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு, எங்கும் போகாமல், வாசலிலேயே மூவரும் வண்டியில் உறங்குங்கள். அவளுடைய போர்வையையும் தலையணையையும் அவளே சுமந்து வரட்டும். ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். பழைய வண்டியின் முகப்பிலிருக்கும் கடிகாரத்தை நாம்தான் மாற்ற வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தும் வேலையை மகளிடம் விடுங்கள். அன்று மாலை ஏழரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இரவுச் சாப்பாட்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.