ஹட்டனா, கண்டியா? எங்கே காணி வாங்குவது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு தடவை வருவார். மகன் எட்டாம் தரம். கணக்கில் கெட்டிக்காரன், பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். மகளுக்கு மூன்று வயது. கையில் 25 இலட்சம் ரூபா இருக்கிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்கலாம். ஹட்டன் டவுனை ஒட்டி 10 பேர்ச் காணி பார்த்தோம், பேர்ச் 3 இலட்சம் சொல்கிறார்கள். அண்ணன் கண்டிக்கே போய்விடச் சொல்கிறார். ரோட்டோரமாக பேர்ச் 80 ஆயிரத்துக்கு ஓர் இடம் இருப்பதாகத் தரகர் நச்சரிக்கிறார். மாமியோ, "நம்ம ஆக்கள் இருக்கிற பக்கமா பாரு" என்கிறார். நாங்கள் எதை முதலில் பார்ப்பது?

பதில்: சகோதரி, இப்போதைக்கு யாருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம். மகனுக்கு இடம் கிடைக்கும் பாடசாலையை முதலில் தேடுங்கள். அதன் அருகில் வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பார்த்த பிறகு காணி வாங்கலாம். காணியை முதலில் வாங்கிவிட்டுப் பாடசாலைக்கு அலைகிற பெற்றோர்தான் மலையகத்தில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

மகனுக்கு வேண்டியது 1ஏபி தரப் பாடசாலை. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் அங்கேதான் உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். ஆனால் 1ஏபி என்று பெயர்ப்பலகையில் இருந்தால் மட்டும் போதாது. தமிழ் மொழிமூலத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது நமது பகுதியில் இன்னும் பெரும்பாடு. அதிபரைச் சந்தித்து மூன்று விடயங்களைக் கேளுங்கள். கடந்த வருடம் கணிதப் பிரிவில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் மூன்று பாடத்திலும் சித்தி? இந்த இரு பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்கிறார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் பன்னிரண்டாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், உண்மை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இருந்து தொடங்கலாம். இடைத்தரத்தில் சேர்க்க வெற்றிடம் இருக்க வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டியைப் பற்றி அண்ணன் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, கண்டி இல்லை. பிள்ளை எந்த மாவட்டம் என்பதைப் பொதுவாக உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலையை வைத்தே பார்ப்பார்கள். கணிதப் பிரிவுக்கு நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளி கண்டியை விடக் குறைவாகவே இருப்பது வழக்கம். கண்டிக்குப் போனால் ரியூஷனும் ஆசிரியர்களும் கூடக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் உங்கள் மகன் அங்கே கண்டிப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். ஆகவே ஹட்டன் பக்கமே இருங்கள் என்பதுதான் எமது அபிப்பிராயம்.

மகளின் முதலாம் தர அனுமதிக்கு வருவோம். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. அதற்கான புள்ளியில் முக்கிய பங்கொன்றை வாக்காளர் இடாப்புத் தீர்மானிக்கிறது: கடைசி ஐந்து வருடங்களில் எத்தனை வருடம் பெயர் இருந்தது என்று எண்ணுவார்கள். தாய், தகப்பன் இருவர் பெயரும் வேண்டும். உங்கள் பெயர் தோட்டத்து லயத்திலும் கணவர் பெயர் கொழும்பு போர்டிங்கிலும் கிடந்தால் புள்ளி கரைந்துவிடும். வாடகை வீட்டுக்குப் போன உடனே கிராம சேவகரிடம் இருவரையும் அந்த முகவரியில் பதிந்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். அதற்கும் புள்ளி உண்டு, சொந்தக் காணி உறுதிக்குக் (பத்திரத்துக்கு) கிடைப்பதை விடக் குறைவு. உறுதியும் புதியதாக இருந்தால் முழுப் புள்ளி கிடைக்காது. வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் இடையில், மகளைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். காணி பார்க்கும்போது இதைத்தான் பலர் மறக்கிறார்கள்: பெரிய பாடசாலைக்குக் கிட்ட என்று வாங்குவார்கள், அதைவிடக் கிட்ட இரண்டு சின்னப் பாடசாலைகள் இருக்கும்.

மகள் முதலாம் தரத்துக்குப் போவதற்குள் ஐந்து வருடப் பதிவு சேராது. அதனால் மகனை ஒன்று முதல் பதின்மூன்று வரை உள்ள கலவன் பாடசாலையில் சேர்க்க முடிந்தால் நல்லது. பிறகு மகளுக்கு, அவளுடைய அண்ணன் படிக்கும் பாடசாலை என்று சகோதரர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கு 15 வீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றறிக்கை வருடா வருடம் மாறக்கூடும், அந்த வருடத்துக்குரியதை வாங்கி வாசியுங்கள்.

இனி காணி. 80 ஆயிரம் ரூபாக் காணியை விட்டுவிடுங்கள். அந்த விலைக்குச் சொல்வது தோட்டக் காணியாக இருக்கக்கூடும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். 1992இல் இருந்து கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. தோட்டத் துரையோ, தொழிற்சங்கத் தலைவரோ, அதில் குடியிருப்பவரோ உங்களுக்கு எழுதித் தர முடியாது. அரச அனுமதிப்பத்திரக் காணியென்றாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்த காசு திரும்பி வராது.

ஹட்டன் காணி 30 இலட்சம் என்றால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். மொத்தம் 119,000 ரூபா. நொத்தாரிசு, நில அளவையாளர் செலவு வேறு. உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கட்டும். விற்பவரின் நொத்தாரிசையே வைத்துக்கொள்ள வேண்டாம். ஹட்டன்-டிக்கோயா நகர சபை எல்லைக்குள் என்றால் அங்கே தெருவெல்லைச் சான்றிதழும் கையகப்படுத்தாமைச் சான்றிதழும் எடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மண். 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் நடந்ததும் 2025 நவம்பர் டித்வா புயலில் நடந்ததும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வந்த பிறகே உறுதி எழுதுங்கள். அது இல்லாமல் கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடைக்காது, வங்கியும் கடன் தரத் தயங்கும். அதற்கு முன் நீங்களே நின்று பாருங்கள். மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? பக்கத்து வீட்டுச் சுவரில், படிக்கட்டில் புது வெடிப்பு உண்டா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பி, கலங்கிய தண்ணீர் வருகிறதா? மேட்டை வெட்டித் தட்டையாக்கிய காணியில் பின்பாதி வெட்டிய கெட்டி மண், முன்பாதி தள்ளிப் போட்ட மண். வீடு இரண்டின் மேலும் உட்கார்ந்தால் முன்பக்கம் அமிழ்ந்து, பக்கச் சுவர் நடுவில் மேலிருந்து கீழாகப் பிளக்கும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை இல்லாவிட்டால் அடைமழையில் அது முன்னே தள்ளும். அப்படிப்பட்ட சுவரைத் திருப்பிக் கட்டும் செலவையும் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள். பீலித் தண்ணீர் பெப்ரவரி, மார்ச்சில் எப்படி வருகிறது என்று அயலில் கேளுங்கள்.

மாமி சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். 1977, 1983 இனக்கலவரங்களைக் கண்ட தலைமுறை அப்படித்தான் பேசும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கலந்த அயல் நல்லதென்றே நினைக்கிறோம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு விளையாடிப் பழகும் மொழி எந்த வகுப்பிலும் வராது. வளர்ந்து வேலைக்குப் போகும்போது அது கைகொடுக்கும். தனியாக ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் என்றில்லாமல், மூன்று சமூகமும் ஏழெட்டு வீடாவது இருக்கும் ஒழுங்கையாகப் பாருங்கள். மரண உதவிச் சங்கத்தில் எல்லா வீட்டாரும் அங்கத்தவரா, தண்ணீர்ச் சங்கத்துக் கூட்டத்தில் தமிழிலும் பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கு உட்பட்டவை. ஆனாலும் கிராம சேவகர் தமிழில் கடிதம் எழுதித் தருவாரா என்று நேரில் கேளுங்கள்.

ஒரு பாடசாலை நாளில் காலை ஆறே முக்காலுக்கு அந்த ஒழுங்கை முடியும் பஸ் தரிப்பிடத்தில் மாமியையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். எந்தெந்தப் பாடசாலை உடுப்பில் பிள்ளைகள் நிற்கிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள், பஸ் நிற்கிறதா, நிறைந்து வழிந்து நிற்காமலே போகிறதா என்று பாருங்கள். அந்தப் பஸ்ஸில்தான் உங்கள் மகள் ஏறப் போகிறாள்.