கொண்டை ஊசி இல்லாத மேடுகள்

அன்புள்ள அண்ணா,

எனக்கு நாமக்கல் பக்கம். இரண்டு வருடமாக லண்டனுக்குத் தெற்கே சட்டனில் இருக்கிறேன். கல்லூரி நாட்களில் கியர் சைக்கிளில் கொல்லிமலை ஏறியிருக்கிறேன். 70 கொண்டை ஊசி வளைவு, எங்கேயும் கால் ஊன்றவில்லை. போன மாதம் இங்கே ஒரு பழைய ரோடு பைக் வாங்கி சர்ரே ஹில்ஸ் போனேன். ஒயிட் டவுன் லேன் என்று ஒரு மேடு. ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. பாதியில் இறங்கித் தள்ளினேன். நரைத்த தலை அம்மா ஒருவர் மிதித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "எல்லாம் சரிதானே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது. எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா? நண்பர்கள் கோடையில் ஹார்ட்நாட் பாஸ் என்ற மலைக் கணவாய்க்குப் போகலாம் என்கிறார்கள். போகலாமா? அதற்கு முன் எந்தப் பாதைகளில் ஓட்டிப் பழகுவது?

கே., சட்டன்

அன்புள்ள கே.,

வயதெல்லாம் ஆகவில்லை. நீங்கள் ஏறிய மலைக்கும் இந்த மேட்டுக்கும் சாலை போட்ட விதம் வேறு, அவ்வளவுதான். கொல்லிமலைச் சாலை பஸ் ஏற வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது. மலை செங்குத்தாக இருக்கும் இடத்தில் சாலையை மடித்து மடித்து நீளமாக்கியிருக்கிறார்கள். 70 வளைவும் உங்களுக்குச் செய்த உதவி. இங்கிலாந்துக் கிராமத்து லேன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிக் கணக்குப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆடு மாடு ஓட்டிய தடம், குதிரை வண்டி போன தடம், பிற்காலத்தில் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டார்கள். நம் பக்கத்து இட்டேரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் இடம். அந்த இட்டேரி நேராக மலை மேல் ஏறினால் எப்படி இருக்கும்? அதுதான் ஒயிட் டவுன் லேன். கடைசிப் பகுதியில் சாய்வு 15 விழுக்காட்டைத் தாண்டும். அதாவது 100 மீட்டர் போவதற்குள் 15 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும்.

இன்னொன்று. வீடு திரும்பும்போதுதானே அதில் ஏறினீர்கள்? அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த நிலத்தின் அமைப்பு அது. ஒரு காலத்தில் லண்டனுக்குத் தெற்கே சுண்ணாம்புப் பாறை பெரிய கவிழ்த்த சட்டி மாதிரி மேலெழும்பியிருந்தது. நடுப்பகுதி அரித்துப் போய் விளிம்புகள் மட்டும் மிஞ்சின. வடக்கு விளிம்பு நார்த் டவுன்ஸ், தெற்கு விளிம்பு சவுத் டவுன்ஸ். இரண்டுக்கும் செங்குத்தான முகம் உள்பக்கம்தான். சட்டனிலிருந்து தெற்கே போகும்போது மேடு தெரியாமலே ஏறிவிடுவீர்கள், பிறகு சரேலென்று இறக்கம். திரும்பி வரும்போது அந்தச் சரேல் உங்கள் எதிரே நிற்கும். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓட்டுபவர்கள் ஊர் நெருங்கும் நேரத்தில் சவுத் டவுன்ஸின் டிட்ச்லிங் பீக்கன் மேட்டில் அவதிப்படுவதற்கும் இதே காரணம்தான். அங்கே செங்குத்தான முகம் வடக்குப் பக்கம்.

ஆக, எந்த வழியில் ஓட்டுவது என்று திட்டம் போடும்போது மலை எவ்வளவு உயரம் என்று பார்க்காதீர்கள். எந்த முகத்தில் ஏறுகிறோம், எத்தனையாவது கிலோமீட்டரில் ஏறுகிறோம் என்று பாருங்கள். ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத்தில் செங்குத்தான சாலைகளில் சின்ன அம்புக்குறி இருக்கும். ஓர் அம்பு என்றால் 7க்கு 1 முதல் 5க்கு 1 வரை சாய்வு. இரண்டு அம்பு என்றால் அதைவிட மோசம். அம்பின் நுனி இறங்கும் பக்கம் காட்டும். போனில் வரும் சைக்கிள் செயலிகள் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று சொல்கின்றனவே தவிர, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு இன்னமும் காகித வரைபடம்தான்.

உங்களுக்கு முதலில் பாக்ஸ் ஹில். லெதர்ஹெட், மிக்கிள்ஹம் வழியாக வந்தால் ஸிக் ஸாக் ரோடு தொடங்கும். பெயரே சொல்கிறது, இது மடிப்பு வைத்த சாலை. கொல்லிமலைக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டரை கிலோமீட்டர், சராசரி 5 விழுக்காடு. நின்று மிதிக்க வேண்டியதே இல்லை. 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் இந்த மேட்டை ஒன்பது முறை சுற்றினார்கள், பெண்கள் இரண்டு முறை. பெண்கள் போட்டியில் கொட்டும் மழையில் மரியானே வோஸ் தங்கம் வாங்கினார். லிஸ்ஸி ஆர்மிட்ஸ்டெட் வாங்கிய வெள்ளிதான் அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனின் முதல் பதக்கம். மேலே ஒரு கடை இருக்கிறது. ஞாயிறு காலை கேக் வாங்க வரிசை நிற்கும்.

அது பழகியதும் டார்க்கிங்கிலிருந்து கோல்ட்ஹார்பர் லேன். எனக்குப் பிடித்த ஏற்றம் இதுதான். இங்கே மண் சுண்ணாம்பு இல்லை, மணற்கல். வண்டிச் சக்கரமும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்கில் அறுத்து, சாலை பள்ளமாகிப்போய்க் கரை இரண்டும் தலைக்கு மேல் நிற்கிறது. மர வேர்கள் கரையிலிருந்து வெளியே தொங்கும். கோடை மதியத்திலும் உள்ளே குளிரும். இலையுதிர் காலத்தில் மட்டும் ஜாக்கிரதை, ஈர இலை மேல் நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றும். மேலே போனால் லீத் ஹில், 294 மீட்டர். அங்கே 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஹல் என்பவர் ஒரு கோபுரம் கட்டினார், அதன் அடியிலேயே அவரைப் புதைத்தார்கள். சாலையிலிருந்து நடந்துதான் போக வேண்டும், ரோடு பைக்குக்கு வழி இல்லை. அப்படியே அபிஞ்சர் ஹாமருக்கு இறங்கினால் சாலைமேல் ஒரு கடிகாரம், மணிக்கு ஒரு தடவை கொல்லன் பொம்மை மணி அடிக்கும். அங்கிருந்து ஒயிட் டவுன் லேன் பக்கம்தான். மனசு இருந்தால் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன் கியரை மாற்றுங்கள். பழைய ரோடு பைக் என்றால் முன்னால் சின்னப் பல்சக்கரம் 39 பல், பின்னால் பெரியது 25 பல் என்று இருக்க வாய்ப்பு அதிகம். அதில் மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏறினால் பெடல் நிமிடத்துக்கு முப்பது சுற்றுதான் வரும். அது மிதிப்பது இல்லை, படி ஏறுவது. முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் அதே வேகத்தில் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வரும். அந்த அம்மாவின் கால்களைவிட அவர் கியரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பின்னால் 34 பல் போட, பழைய டிரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின்பக்கக் கருவி, derailleur) எட்டாமல் போகலாம். கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, ஹார்ட்நாட். லேக் டிஸ்ட்ரிக்டில் 393 மீட்டர், உயரம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்வு 30 விழுக்காட்டுக்குப் போகும். அங்கேயும் வளைவுகள் உண்டு, ஆனால் வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி நிற்கும். மேற்கே எஸ்க்டேல் பக்கமிருந்து ஏறினால் முதல் செங்குத்து முடிந்து கொஞ்சம் தணியும் இடத்தில், இடது பக்கம் ரோமானியர் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே காவல் இருந்தவர்கள் டால்மேஷியாவிலிருந்து, இன்றைய குரோஷியாப் பக்கத்திலிருந்து வந்த படைவீரர்கள். கடலோர வெயிலில் வளர்ந்தவர்களை அந்த மழையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். மூச்சு வாங்க நான் அங்கே நின்றபோது அவர்களை நினைத்துக்கொண்டேன். நின்றது தப்பாகப் போயிற்று. மறுபடி ஏறும்போது ஒரு வளைவில் எழுந்து இழுத்தேன், முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது, ஷூவை பெடலிலிருந்து கழற்ற நேரமில்லை, வெட்டிய மரம் மாதிரி அப்படியே சாய்ந்து விழுந்தேன். எதிரே வந்த கார்க்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். இடது இடுப்பு இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

அதனால் நேரே அங்கே போக வேண்டாம். நடுவில் ஒரு வார இறுதி யார்க்‌ஷயர் டேல்ஸ் போங்கள். ஹாஸ் ஊரில் தொடங்கி பட்டர்டப்ஸ் பாஸ் ஏறி (526 மீட்டர்) த்வெய்ட்டில் இறங்குங்கள். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் ரீத் வரை ஆற்றோடு ஓட்டிவிட்டு, கிரிண்டன் மூர் ஏறி, ஆஸ்க்ரிக் வழியாகத் திரும்பினால் 60 கிலோமீட்டர் அளவில் வரும். 2014இல் டூர் டி பிரான்ஸின் முதல் நாள் ஓட்டம் இந்த இரண்டு ஏற்றங்களிலும் போனது. ஹார்ட்நாட்டை விட உயரம், ஆனால் ஏறிவிடலாம். பட்டர்டப்ஸ் உச்சியில் சாலையோரம் சுண்ணாம்புப் பாறையில் ஆழமான குழிகள் இருக்கும். சந்தைக்கு வெண்ணெய் கொண்டுபோன உழவர்கள் உருகாமல் இருக்க அதில் இறக்கி வைத்தார்களாம், அந்தப் பெயர் அப்படி வந்தது என்பார்கள். இறக்கத்தில் பிரேக் மேல் கை இருக்கட்டும். செம்மறி ஆடு சாலை நடுவில் படுத்திருக்கும், உங்களுக்காக எழுந்திருக்காது. கால்நடை தாண்டாமல் இருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகளை நேராக மட்டும் கடந்துவிடுங்கள், மழை நாளில் அதன் மேல் சைக்கிளைத் திருப்பவே கூடாது.

ஹாஸுக்கு இப்போது ரயில் இல்லை. கார்ஸ்டேலில் இறங்கி பத்து கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு. திரும்பும் ரயிலைப் பார்த்துவிட்டுக் காலையில் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள்.