பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எடை குறைப்பு: வெளித்தகடு பற்றிக் கேள்வி பதில்

ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. வகைக் கார்களின் பானட், டிக்கி, மட்கார்டு, டோர் பற்றி மட்டும் கேளுங்கள். கழற்றிய இரும்புத் தகட்டை வெட்டவோ ஆக்கருக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போடவோ வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் கீழே வரும். கேள்விகள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுடையவை, முன்னால் இருப்பது அவரவர் ஊர்.

வடசேரி: அண்ணே, ஸ்பிட்ஃபயர் முன்பக்கத்தை முழுசா ஃபைபர்ல செஞ்சா எத்தனை கிலோ குறையும்?

சதுர மீட்டர் கணக்கில் பாருங்கள். 0.9 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 7 கிலோ. ஃபைபரில் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள, நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு, 300 கிராம் மேட் ஒரு அடுக்கு போட்டால் கண்ணாடி இழை 1.2 கிலோ. கை சுத்தமாக இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு ரெசின் (இழையில் ஊறி இறுகும் பிசின்), 2.4 கிலோ. ஜெல்கோட் (வெளிமேல் பூச்சு) அரை கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 4.2 கிலோ, கனம் ஏறத்தாழ 3 மி.மீ. ஆக, சதுர மீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ மிச்சம். உங்கள் பானட்டின் பரப்பை நூல் பிடித்து அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேட் ஃபைபரின் விறைப்பு இரும்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் தகடு வளைவதைத் தடுப்பதில் கனம் மும்மடிப் பெருக்கமாக வேலை செய்கிறது. கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் இரும்பைப் போல மூன்று மடங்கு கனம், அதாவது 2.7 மி.மீ. இருந்தாலே அதே விறைப்பு வந்துவிடும். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வெறும் எடை.

குளச்சல்: நாங்க வள்ளத்துக்கு இத விட எத்தனையோ அடுக்கு போடுதோம். மூணு மி.மீ. எல்லாம் விரல் வச்சா பொத்துப் போகும். சும்மா பயம் காட்டாதீங்க.

வள்ளம் மணலில் இழுபடுகிறது, அலையில் அடிபடுகிறது. அதற்கு உங்கள் கனம் சரிதான். பானட்டுக்குக் காற்றும், சாய்ந்து நிற்பவரின் கையும்தான் சுமை. 450 மேட் நான்கு அடுக்கு, ரெசின் மூன்று மடங்கு என்று வள்ளக் கணக்கில் போட்டால் 1.8 கிலோவும் 5.4 கிலோவும் சேர்ந்து 7.2 கிலோ. இரும்பை விடக் கூடுதல். காசும் போய், எடையும் ஏறும்.

தக்கலை: ரெசின், கேட்டலிஸ்ட் அளவு? எந்த மாசத்துல செய்யலாம்?

நம் வெயிலுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எடையில் 1 சதவீதம் போதும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம். நிழலில் குளிர்ச்சியாக இருக்கும் காலையில் 1.5 வரை போகலாம். ஒரே தடவையில் ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், வாளியிலேயே சூடாகிக் கட்டியாகிவிடும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாக வாங்குபவர்கள் அதை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

மோல்டுக்கு (பானட்டை வார்க்கும் அச்சுக்கு) மெழுகு குறைந்தது ஐந்து கோட், ஒவ்வொன்றையும் காயவிட்டுத் துடைக்க வேண்டும். ஜெல்கோட் விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் 300 மேட்டை முதலில் போடுங்கள், மெல்லிய மேட் மூலை முடுக்கில் நன்றாகப் படியும். ஒவ்வொரு அடுக்கையும் பல் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். மேட் வெள்ளையாகத் தெரிகிற இடம் ரெசின் ஏறாத இடம். ரெசின் குளமாக நின்றால் அதுவும் பிழை, பிரஷ்ஷால் வழித்து எடுங்கள். எடை கூடுவது பெரும்பாலும் இந்தக் குளத்தில்தான்.

காலம் என்றால் மாசி, பங்குனி. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மேட் ஈரத்தை உறிஞ்சி ரெசின் சரியாக இறுகாது. அறையில் காற்றோட்டமும், முகத்தில் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். துணி மாஸ்க் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது.

குழித்துறை: ஃபைபர் போட்டா எத்தனை கிலோ குறையும் சார்?

முதல் பதில்.

மார்த்தாண்டம்: ஃபைபர் வேண்டாம், அலுமினியம்னா?

நல்ல யோசனை. எம்.ஜி.பி.யின் தொடக்க வருஷக் கார்களில் பானட் கம்பெனியிலேயே அலுமினியம்தான். 1.2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 3.2 கிலோ. விறைப்பில் இரும்புக்குக் கொஞ்சம்தான் கீழே. 1100 அல்லது 3003 தரத்தில் அரை விறைப்புத் தகடு வாங்குங்கள். 6061-டி6 கூடாது, மடக்கினால் விளிம்பில் கீறல் விழும். தட்டத் தட்ட தகடு இறுகும்போது சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுங்கள். சோப்பு கறுத்ததும் நிறுத்தினால் தகடு மறுபடி இளகியிருக்கும், அதைத் தாண்டினால் உருகி ஓட்டை விழும்.

நம் ஊரில் பெரிய எதிரி உப்புக்காற்று. அலுமினியம் இரும்போடு நேராக ஒட்டினால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி வருவது அதனால்தான். எட்ச் பிரைமர் (அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), நைலான் வாஷர், இரண்டு தகட்டுக்கும் நடுவில் சீலன்ட், மூன்றும் வேண்டும். கார்பன் ஃபைபரை அலுமினியத்தில் முடுக்குவது இன்னும் மோசம்.

குளச்சல்: லோட்டஸ் எலீட் முழுக் காரையும் ஃபைபர்ல செஞ்சாங்களே? அப்ப மெல்லிசா வச்சா நிக்கும்னு நீங்க சொல்றது எப்படி?

1957-இல் காட்டப்பட்ட எலீட்டில் பாடியே சேஸி (காரைத் தாங்கும் அடிச்சட்டம்). சுமை முழுக்க ஃபைபர் தாங்கியது. அதனால் எஞ்சின், முன் சஸ்பென்ஷன் வருமிடத்திலும் முன் கண்ணாடியைச் சுற்றியும் இரும்பை உள்ளே வைத்து ஒட்டினார்கள். ஹெரால்ட் அப்படியல்ல, தனிச் சேஸி உண்டு. அதன் பானட் எதையும் தாங்கவில்லை. விறைப்பு வேண்டுமானால் அடுக்கைக் கூட்டாதீர்கள், விலா வையுங்கள். பாதியாகப் பிளந்த அரை அங்குல பி.வி.சி. குழாயை உட்பக்கம் கிடத்தி மேலே ஒரு அடுக்கு 300 மேட் போட்டால் சில நூறு கிராமில் முடியும். வள்ளத்தில் வைப்பதுபோல் மரத்துண்டு வேண்டாம், ஈரம் புகுந்தால் உள்ளேயே உளுத்துப்போகும்.

ஆரல்வாய்மொழி: காத்தாடி (காற்றாலை) இறக்கைக்கு எப்பாக்ஸி பாவிக்காங்க. அதே எப்பாக்ஸிய சாதா மேட்ல ஊத்தலாமா?

கூடாது. மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில் கரையும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. எப்பாக்ஸிக்கு நெய்த துணிதான். துணி குறைந்த ரெசின் குடிக்கும், எடையும் குறையும், செலவு ஏறும்.

குளச்சல்: துணி போட்டா எங்க ஆட்கள் ரெண்டு அடுக்குல முடிப்பாங்க, மூணு எதுக்கு?

இப்போது நீங்கள் சொல்வது சரி. துணியாலும் எப்பாக்ஸியாலும் பழகிய கை இருந்தால் இரண்டு அடுக்கும் விலாவும் போதும். மேட்டில் இரண்டு அடுக்கோடு நிறுத்தாதீர்கள் என்பதே என் பேச்சு. உருளை பிடித்த கைகள் உங்களிடம்தான் இருக்கின்றன. ரெசினைத் தராசில் நிறுத்துக் கொடுத்தால் இந்த மாவட்டத்தில் நல்ல பானட் உங்கள் பட்டறையில்தான் வரும்.

திங்கள்சந்தை: ஃபைபர் பானட் மாட்டினதும் ஹெட்லைட் மங்கலா எரியுது.

எர்த் இல்லை. இரும்புப் பானட் தானே எர்த்தாக இருந்தது, ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும் தனிக் கறுப்பு வயர் இழுத்துச் சேஸியில் பெயின்ட்டைச் சுரண்டி முடுக்குங்கள்.

கருங்கல்: டோர், டோருக்குக் கீழ ஓடுற சில் எல்லாத்துலயும் ஓட்டை போட்டு எடை குறைக்கலாமா?

பானட், டிக்கியின் உள் சட்டத்தில் போடலாம். கீல், பூட்டுப் பகுதியில் நான்கு விரல் தள்ளியே போடுங்கள். ஓட்டை விளிம்பை உள்நோக்கி மடித்துவிட்டு, வெட்டிய இடத்துக்கு உடனே பிரைமர் அடியுங்கள், உப்புக்காற்று காத்திருக்காது. சில் கூடவே கூடாது. ஸ்பிட்ஃபயரில் சில் சுமை தாங்கும் உறுப்பு, அதை வெட்டினால் கார் நடுவில் தொங்கும், டோர் மூடாது. டோருக்குள் இருக்கும் இரும்பு பக்கவாட்டு மோதலில் உங்கள் விலா எலும்பைக் காப்பது. அதைத் தொடாதீர்கள்.

நித்திரவிளை: எத்தனை கிலோ குறையும்? ஸ்டியரிங் லேசாகுமா?

முதல் கேள்விக்கு மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது. ஸ்டியரிங் என் துறை அல்ல, சஸ்பென்ஷன் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள்.

நாகர்கோவில், கோட்டாறு: ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரச்சினை வருமா? பழைய தகட்ட ஆக்கருக்குப் போட்டுட்டேன்.

இதற்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2021-இல் வந்த விண்டேஜ் விதி 50 ஆண்டு கடந்த காருக்குத் தனிப் பதிவு தருகிறது, ஆனால் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய தகடு கையில் இருந்தால் ஒரு நாளில் திருப்பி மாட்டலாம். ஆக்கர் கடையில் அது இன்னும் நசுங்காமல் இருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். கிடைத்தால் துருவை எடுத்து, உள்பக்கம் மெழுகு அடித்து, சாக்கில் சுற்றாமல் காற்றுப் போகிற மச்சில் நிறுத்தி வையுங்கள்.

இரணியல்: ஃபைபர் பானட்டுக்கு பெயின்ட் எப்ப அடிக்கலாம்?

மோல்டிலிருந்து எடுத்து இரண்டு வாரம் கழித்து. அதில் ஒரு வாரமாவது காரில் மாட்டியபடி வெயிலில் நிற்கட்டும். முந்திக்கொண்டு அடித்தால் சித்திரை வெயிலில் ரெசின் மேலும் சுருங்கி மேட்டின் இழை பெயின்ட்டுக்கு மேலே தடம் காட்டும். கறுப்பு, அடர் சிவப்பு என்றால் அந்தத் தடம் இன்னும் சீக்கிரம் தெரியும்.