குளிர்விப்புச் சுற்றின் கிளைக்கால் கரைசலில் அமிலத்தன்மை ஏறினால் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஆலையின் சில்லர் (குளிர்விப்பு இயந்திரம்) சுற்றில் ஓடும் புரோப்பிலீன் கிளைக்கால் (glycol, உறையாமல் இருக்க நீரில் கலக்கும் திரவம்) கரைசல் பழுப்பு நிறமாகிவிட்டது. பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவு 7.2 காட்டுகிறது. முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்கிறார் கிளைக்கால் விற்பவர். காரம் சேர்த்தாலே போதும் என்கிறார் வேறொரு விற்பனையாளர். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: இருவரில் எவருக்கும் பணம் கொடுக்கும் முன்பு, அவர்களோடு வணிகத் தொடர்பில்லாத ஆய்வகம் ஒன்றுக்குக் கரைசலின் மாதிரியை அனுப்புங்கள். பிஹெச் 7க்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதே பெரும்பாலும் சரியான முடிவு. 7க்கும் 8க்கும் இடையில் நிற்கும் கரைசலைப் பல நேரங்களில் காப்பாற்றிவிடலாம்.

கிளைக்கால், சூட்டினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் மெல்லச் சிதைந்து, லாக்டிக், அசிட்டிக், ஃபார்மிக் போன்ற அமிலங்களாக மாறுகிறது. அந்த அமிலங்களை ஈடுகட்டி, உலோகப் பரப்பையும் காப்பது, கரைசலில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்; தொழிற்சாலை வகைகளில் இது பெரும்பாலும் டைபொட்டாசியம் பாஸ்பேட். அது தீர்ந்துபோன கரைசலில் காரத்தை மட்டும் ஊற்றினால் பிஹெச் உயரும், குழாய்க்கான பாதுகாப்பு திரும்பாது. ஆகவே பிஹெச்சோடு நிறுத்தாமல், எஞ்சியுள்ள கார இருப்பு (கரைசலால் இன்னும் எவ்வளவு அமிலத்தை ஈடுகட்ட முடியும் என்ற அளவு), கிளைக்கால் விகிதம், குளோரைடு, சல்பேட், கரைந்துள்ள இரும்பு, செம்பு ஆகியவற்றையும் அளந்து தரச் சொல்லுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை அளக்கும் கருவி) கிளைக்கால் விகிதத்தை மட்டுமே காட்டும் என்பதால், அது நன்றாக இருக்கிறது என்று காட்டியதை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். இரும்பும் செம்பும் மிகுந்திருந்தால் அரிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வடித்து, குழாய்களைக் கழுவிய பிறகே புதியதை நிரப்ப வேண்டும், ஏனெனில் எஞ்சிய துருவும் அமிலமும் புதிய தடுப்பானையும் தின்றுவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், காரணத்தைக் களையாவிட்டால் அதே செலவு மீண்டும் வரும். திறந்த விரிவுத் தொட்டி, பம்பின் உறிஞ்சு பக்கக் கசிவு ஆகியவற்றின் வழியே காற்று நுழைகிறதா என்று பாருங்கள். கசிவை ஈடுகட்டக் கடின நீர் ஊற்றும் பழக்கம் மிகவும் கெடுதலானது: அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிவாகிவிடும், குளோரைடு உலோகத்தைத் துளைக்கும். குளோரைடும் சல்பேட்டும் தனித்தனியே 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மிகாத நீரையோ, அயனி நீக்கிய நீரையோ பயன்படுத்துங்கள். கிளைக்கால் விகிதம் 25 சதவீதத்துக்குக் குறைந்தால் தடுப்பானும் நீர்த்துப்போகும், மேலும் இறங்கினால் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும் பெருகும். சுற்றில் துத்தநாகம் பூசிய குழாய்கள் இருக்கக் கூடாது.

கேள்வி: குறையும் அளவுக்கு, விலை மலிவான வாகனக் கூலன்ட்டைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அவற்றில் பலவற்றில் உள்ள சிலிக்கேட் கூழாகத் திரண்டு வெப்பப் பரிமாற்றியில் படியும், பம்ப் சீல்களையும் கெடுக்கும். பெரும்பாலானவை எத்திலீன் கிளைக்காலால் ஆனவை, அது நச்சுப் பொருள். இப்போதுள்ள அதே தயாரிப்பையே வாங்குங்கள். தடுப்பான் கலந்ததுதானா, புதிய நிலையில் அதன் கார இருப்பு எவ்வளவு என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் வரும் ஆய்வக அறிக்கையை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.